ஆறாவது கை

தொண்ணூறுகளின் கடைசியில், மாவனல்லையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நாநா ஒருவர் பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு என்னை அழைத்தார். எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் அன்னதானம் என்றால் அவரவர் தட்டோடுதான் போவோம். அதே பழக்கத்தில் ஒரு தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன்.

மவ்லூது என்கிற புகழ்ப்பா ஓதி முடிந்தது. அங்கே தட்டே கிடையாது. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் அவர்கள் வழக்கமாம். நானோ ரப்பர் பால் வெட்டுகிறவன். எவ்வளவு தேய்த்தாலும் கைவாடை போகாது. பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்கைப் பொத்தியது நினைவுக்கு வர, தூணோரம் ஒதுங்கினேன்.

"தம்பி, இங்க வாங்க! அஞ்சு பேர்தான் ஈக்கிறோம். நீங்க வந்தாத்தான் பிஸ்மி சொல்லித் தொடங்கலாம்" என்று முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டார்.

"கையில ரப்பர் வாடை அடிக்குதுங்க."

"எனக்குக் கருவாட்டு யாவாரம். என்ட கைய மோந்து பாருங்களேன்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரே என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். உட்கார்ந்தேன். கோழித்துண்டுகள் என் பக்கமே நகர்ந்து வந்தன.

வீட்டில் மனைவி துண்டை அவிழ்த்துவிட்டு, "தட்டு காஞ்சு கெடக்கே, சாப்பிடலீங்களா?" என்றாள்.

"மோந்து பாரு" என்று கையை நீட்டினேன். ரப்பரோடு நெய்யும் மணத்தது.

அதற்குப் பிறகு அந்தக் கையை நான் யாரிடமும் மறைத்ததில்லை.