எழுப்ப வேண்டாம் என்று சொன்னேன்

கொரோனாவின் இரண்டாம் அலையில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கையில் வெப்பமானி, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவி, ஒரு படிவம். ஆரம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். பிள்ளை பிடிக்க வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் கதவைச் சாத்துவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவரை யாரும் எழுப்ப மாட்டோம். பகலில் சன்னலைப் பழைய புடவையால் மறைத்திருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறையும். மீன்காரர்கூடக் குரல் கொடுக்காமல் தாண்டிப் போவார். என் அப்பாவும் ஷிஃப்ட்டுக்குப் போனவர்தான். அவர் தூக்கத்துக்குப் பயந்து குசுகுசுவென்று பேசியே வளர்ந்தவள் நான்.

அந்த வீட்டுச் சன்னலில் நீலப் புடவை. கணவனும் மனைவியும் மட்டும். வாசலுக்கு வந்த அக்கா விரலை நீட்டினார். அளவு நன்றாக இருந்தது. கணவரைப் பற்றிக் கேட்டேன்.

"நைட் ஷிஃப்ட்டு முடிச்சிகினு இப்பதான் வந்து படுத்தாரு. எழுப்பட்டா?"

"வேணாங்க்கா, தூங்கட்டும். காய்ச்சல் கீச்சல் இருக்கா?"

"அதெல்லாம் ஒன்னியும் இல்லமா. அசதிதான்."

காய்ச்சல் இல்லை என்று எழுதினேன். கட்டம் காலியாக இருந்தால் மேற்பார்வையாளர் திட்டுவார். அதனால் அக்காவின் அளவையே கணவருக்கும் போட்டேன்.

மறுநாள், "நேத்து வேலைக்கே போவலமா, ஒரே தூக்கம், எழுப்பட்டா?" என்றார். "ஓடா உழைக்கிற மனுசன், ஒரு நாள் தூங்கினா இன்னாக்கா?" என்று நான்தான் கிண்டல் செய்தேன். மூன்றாம் நாள் எழுப்பட்டுமா என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காவின் எண்ணையே இருவருக்கும் எழுதினேன்.

நான்காம் நாள் கதவில் பூட்டு தொங்கியது. "விடிகாலைல ஆம்புலன்ஸ்ல இட்டுனு போனாங்க. போற வழிலயே போய்ட்டாரு" என்றார் பக்கத்து வீட்டம்மா. காய்ச்சல் இல்லாமல், மூச்சு வாங்காமல் ஆக்சிஜன் இறங்கும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அதற்காகத்தான் அந்தக் கருவியே. அன்றிலிருந்து பகலில் புடவை கட்டிய சன்னலைக் கண்டால் எனக்குக் கால் நகராது. மீஞ்சூரில் ரயில் நிற்கும்போது ஏதாவது ஒரு சன்னல் அப்படித் தெரியும். உள்ளே இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று இறங்கிப் போய்க் கேட்கத் தோன்றும்.

சில மாதங்கள் கழித்து, ஊரில் எத்தனை பேருக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். குலுக்கலில் அந்த வீடு விழுந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். முடிவைச் சொல்ல நானே போனேன். தடுப்பூசி இன்னும் போட்டுக்கொள்ளாத அக்காவின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தது. அவருக்கும் நோய் வந்து, தெரியாமலே போயிருக்கிறது.

"அப்ப என்னாண்ட இருந்துதான் அவருக்குப் போச்சா?"

"யார்கிட்டேர்ந்து யாருக்குன்னு இந்த டெஸ்ட்ல தெரியாதுக்கா." அது உண்மை.

அக்கா முடிவுக் காகிதத்தை மடித்தார். பிறகு கேட்டார். "அன்னிக்கே எழுப்பியிருந்தா பொழச்சிருப்பாரா?"

படிவத்தில் கணவர் பெயருக்கு நேரே இருப்பது அக்காவின் எண் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். 

"இல்லக்கா. எழுப்பியிருந்தாலும் ஒன்னும் ஆயிருக்காது."

அவர் நம்பினார். முகம் லேசாகத் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு எப்டி கீறாருன்னு தெனம் வந்து கேட்டது நீ ஒருத்திதாம்மா" என்றார்.