ரிஜிஸ்டரில் ஏறாத ஊசி

பனியன் கம்பெனியின் மூன்றாவது லைனில் அருள்குமாருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: தீர்ப்பு அண்ணன். ஐம்பத்தாறு வயது டெய்லர். மங்கலம் பக்கத்தில் ஒரு சின்னச் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவர். டீ நேரத்தில் துண்டுப்பிரதி கொடுப்பார். கடைசி நாளில் மறைவானது எதுவும் மறைவாக இருக்காது, இப்போதே மனந்திரும்புங்கள் என்பார்.

"ஏனுங்கண்ணா, தீர்ப்பு இன்னைக்குங்களா, நாளைக்குங்களா?" என்று சூப்பர்வைசர் ராஜ்கமல் சீண்டுவான். "ஷிப்மெண்ட் போனப்பறம் வரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அருள்குமாரும் சிரிப்பார். விசுவாசத்துக்காகக் கேலிக்கு ஆளாவதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. அது நல்ல பெருமை என்று சொல்ல முடியாது.

குழந்தைச் சட்டை தைக்கிற லைன் அது. ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும். துண்டுகள் அத்தனையும் பொறுக்கி, பொருத்திக் காட்டி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, பேரெழுதினால்தான் புது ஊசி. நுனி ஒன்று குறைந்தாலும் லைன் நிற்கும்.

பங்குனியில் ஒரு நாள் அவருடைய ஊசி உடைந்தது. அந்த வாரத்தில் மூன்றாவது. முந்தைய நாள்தான் ராஜ்கமல், "கண்ணு தெரியலீங்களாண்ணா? நூல் பிசிறு வெட்டற பக்கம் போயிடறீங்களா?" என்று எல்லார் முன்பும் கேட்டிருந்தான். அருள்குமார் காலடியில் தேடினார். நுனி கிடைக்கவில்லை. பையில் சொந்த ஊசி ஒன்று இருந்தது. அதை மாட்டித் தைத்தார். கையைத் தூக்கவில்லை.

மாலையில், இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒரு சட்டையின் மடிப்பில் அந்த நுனியைக் காட்டிக்கொடுத்தது. ராஜ்கமல் ரிஜிஸ்டரைப் புரட்டினான். அன்று ஊசி உடைத்ததாக இருந்தது ஒரே பேர்: மருதாள். அருள்குமாருக்கு அடுத்த மெஷின்காரி. ஒழுங்காக ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஒட்டியதில் நுனி கொஞ்சம் குறைகிறது என்றான் ராஜ்கமல்.

"முழுசாத்தானுங்க குடுத்தேன்," என்று அவள் அழுதபடி சொல்லிக்கொண்டே இருந்தாள். அருள்குமார் தைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் மருதாளின் மெஷினில் வேறு ஆள்.

ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டார். பல தடவை கேட்டார். அவரிடம் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. அவர் மூன்றாவது லைனில் உட்கார்ந்து தைக்கிறவர் இல்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. பாடம் வாசித்து நிமிர்ந்தவர், கடைசி வரிசையில் மருதாளைப் பார்த்தார். இப்போது மங்கலத்தில் தறிக்குப் போகிறாளாம். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தாள்.

"அண்ணா, நீங்க குடுத்த காயிதம் படிச்சனுங்க. கடைசி நாள்ல எல்லாம் கேப்பாங்கன்னு போட்டிருந்துச்சே, அதுலிருந்து ஒரு பயமுங்க."

"என்ன பயம், அம்மிணி?"

"அன்னைக்கு முழுசாக் குடுத்தேன்னு சாதிச்சனுங்க. இப்ப நெனச்சா, நாந்தான் சரியாப் பாக்கலையோன்னு இருக்குது. ஒரு கொழந்தையக் குத்தியிருந்தா? பாவந்தானுங்களே. உங்க சபை ஐயருகிட்டச் சொல்லி எனக்கொரு ஜெபம் பண்ணச் சொல்லுங்க."

அருள்குமாருக்கு முகம் கூசியது. தன் பாவத்துக்கு வேறொருத்தி மனந்திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊசி உன்னுதில்ல, அம்மிணி," என்றார். "என்னுது."

அவள் அவரையே பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியுங்களா?"

"தெரியும்."

"நான் அழுதப்பவும்?"

அவர் வேதப் புத்தகத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"லைன்ல வந்து சொல்லுவீங்களா?"

"மொதல்ல ரெண்டு பேரும் ஜெபம் பண்ணிட்டு..." என்று ஆரம்பித்தார். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. இத்தனை வருடமாகக் கடைசி நாளுக்குப் பயந்ததாக நினைத்திருந்தார். பயந்தது திங்கட்கிழமைக்கு.

மருதாள் செருப்பை மாட்டினாள். "ஜெபத்த அப்பறம் பண்ணுங்க. நாளைக்கு எட்டரைக்குக் கம்பெனி கேட்டுல நிக்கறேன்."

நின்றாள். அருள்குமாரே வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே கூட்டிப்போனார். லைன் நடுவில் நின்று சொன்னார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றதால், கடைசி வாக்கியம் அவர் நினைத்ததைவிடச் சத்தமாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

ராஜ்கமல் தரையைப் பார்த்தான். "சரி விடுங்கண்ணா. பழைய கதை."

"ரிஜிஸ்டர எடுங்க," என்றாள் மருதாள்.

எடுத்துவந்தான். அருள்குமார் பேரெழுதினார். தேதி எழுதினார். ஊசி ஒட்டும் கட்டம் காலியாகவே இருந்தது. மருதாள் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது இன்னைக்குத் தேதிங்க," என்றாள். "அன்னைக்குத் தேதியப் போடுங்க."

அருள்குமார் அதை அடித்துவிட்டு, பங்குனியில் அது எந்த நாள் என்று அவளிடமே கேட்டார். அவள் யோசிக்காமல் சொன்னாள்.