தங்கச்சியை எங்கே வைப்பது?

கண்டிக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது பால்தான். போயா என்கிற பௌர்ணமி நாளில் பின்னேரம் பக்கத்து வீட்டுக் குசுமா அக்காவுக்குத் தேத்தண்ணி கொடுத்தால், பாலைக் கண்டதும் கோப்பையைத் திருப்பித் தந்துவிடுவார். போயாவுக்குச் சில் என்ற புத்த சமய விரதம் எடுத்தவர்கள் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடக் கூடாதாம், பாலும் சாப்பாடுதானாம். விரதம் என்றால் பாலும் பழமும் என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவளுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? கண்டிப் பக்கத்து வத்தேகமவில் படிப்பிக்க வந்த நாள் முதல் எனக்கு நித்திரை இல்லை. மனம் சுத்தமானால் நித்திரை வரும் என்று, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தியான மடம் ஒன்றுக்கு குசுமா அக்காதான் கூட்டிப்போனார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே எடுத்த எடுப்பில் தியானம் இல்லை. முதலில் மனதைக் கழுவ வேண்டும். அதற்குத்தான் மைத்திரி. நான் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் நினைப்பது. பிறகு பிரியமான ஒருவர். நான் யோசிக்கவே இல்லை. என் தங்கச்சி. யுத்தத்தின் கடைசிக் கிழமைகளில் வன்னியில் சனத்துக்குள் காணாமல் போனவள். அவளுக்குத் திவசம் என்ற சொல்லையே அம்மா வீட்டில் எடுக்க விடவில்லை. படத்துக்கு மாலை கொண்டுவந்த மாமாவை வாசலோடு அனுப்பியவர் அம்மா.

ஆனால் படிப்பித்த பெண் துறவி ஒன்று சொன்னார். செத்தவர்களை நினைத்து மைத்திரி செய்யக் கூடாது, மனம் நிற்காது. எவ்வளவு முயன்றும் நிற்காவிட்டால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டுமாம். தங்கச்சி எங்கே என்று தெரியாது என்றேன், என் அரைகுறைச் சிங்களத்தில். அவர் கனிவாகச் சிரித்து, வெளிநாடென்றாலும் பரவாயில்லை, மைத்திரிக்குத் தூரம் கிடையாது என்றார். கண்ணை மூடினேன். மனம் நிற்கவில்லை. ஐயோ, அதுதான் பதிலா, அல்லது என் மனமே அப்படியா? நான் யாரைப் போய் விசாரிப்பேன்?

அடுத்த போயாவில் குசுமா அக்கா இறந்துபோன புருஷனுக்காக அங்கே தானம் கொடுத்தார். தானம் முடிந்ததும் மூக்குக் கெண்டியால் கோப்பை வழிய வழியத் தண்ணீர் வார்த்தார். புண்ணியம் செத்தவருக்குப் போய்ச் சேருமாம். கெண்டியைத் தொட்டவர்களின் செத்தவர்களுக்கும்தான். என் கையையும் பிடித்து அதில் வைத்தார். எங்கள் சனத்துக்கு எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டால் கதை முடிந்தது. கையைப் பறித்தேன். தண்ணீர் பாயெல்லாம் கொட்டியது. எங்கள் சமயத்துக்கு ஆகாது என்று நினைத்தாராக்கும், பாவம், குசுமா அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருந்து அம்மாவுக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை மெச்சுவார் என்றுதான் எடுத்தேன்.

"கையை எடுக்காமல் விட்டிருக்கலாம், பிள்ளை," என்றார் அம்மா. "எனக்கும் இனிக் காத்திருக்க ஏலாமல் போச்சு."

பஸ் மலையிறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்காகக் காத்திருக்க யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு இருக்கிறது என்ற துணிவில்தான் நான் இங்கே இருந்தேன். இனி அவளுக்காகக் காத்திருப்பது, அவளை ஒருநாளும் கண்டிராத இந்த ஊரில், நான் ஒருத்திதான்.