புரோ போனோ முடிஞ்சாச்சு

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் எனக்குத் தெரியாத வக்கீல் கிடையாது. நான் படியேறினால் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் இன்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவை அழைத்துப் போனேன்.

புருஷன் செத்ததும், அவளை வீட்டைவிட்டு இறக்கக் கொழுந்தன் கேஸ் போட்டிருக்கிறான். நாளைக்கு விசாரணை. அவளுக்கு வக்கீல் இல்லை.

எனக்கு நல்ல பழக்கமான ஒரு வக்கீலின் ஆபீஸ் சுவரில் 'ஏழைகளுக்கு புரோ போனோ சேவை' என்று பெரிய போர்டு உண்டு. அது லத்தீன், இலவசம் என்று அர்த்தம் என பஸ்ஸிலேயே அவளுக்கு விளக்கியிருந்தேன். எனக்கு லத்தீன் பாதி வரும்.

விஷயத்தைக் கேட்டு வக்கீல் சிரித்தார். "சேட்டா, இந்த வருஷத்து புரோ போனோ முடிஞ்சாச்சு. நம்ம சர்ச் சபைக்க கல்யாண மண்டபக் கேஸ நான் சும்மாதான் நடத்துனேன். அதுவும் சேவையாக்கும்."

"சபை ஏழையா சாரே?"

"அது பொதுக் காரியம்லா. இது குடும்ப வழக்கு."

படி இறங்கும்போது ஸ்டெல்லா கேட்டாள்: "அண்ணா, வீட்ட சபைக்கு எழுதிக் குடுத்தா அவரு வாதாடுவாரா?"

பாறசாலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கும் சேர்த்து நானே டிக்கெட் எடுத்தேன்.

சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்க மக்கா, நாளைக்கு அவள் யாரை நம்பிப் படியேறுவாள்? லத்தீன் தெரிந்த என்னையா?