காய்ச்சலும் போர்வெல் லாரியும்

அது மாசி மாதம் என்பது அம்மாவின் கட்சி. பங்குனி பிறந்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. வீட்டில் நடந்தவற்றுக்கெல்லாம் கிழமையும் மாதமும் போட்டு வைப்பது எனக்கு ஒரு கிறுக்கு. இருவரையும் தனித்தனியாக விசாரித்துவிட்டு மாசிக் கடைசி என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன். காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பி, மத்தியானம் அதைக் கழற்றி எறியத் தோன்றுவது ஓசூரில் அப்போதுதான். கிழமை புதன். அதில் மட்டும் தகராறு இல்லை. அந்தப் புதன்கிழமைதான் அம்மாவின் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆடிட் வந்தது. அதே புதன்கிழமைதான், பகலில் என்னைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி வீட்டில் போர்வெல் போட்டார்கள். இந்த இரண்டில் எது பெரிய விஷயம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கு அப்போது நாலரை வயது.

லாரி முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டது. அம்மா என்னை அழைத்துப் போக வந்தபோது அது தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. முதுகில் ஒரு இரும்புக் கோபுரம் படுத்திருந்தது. அடுக்கடுக்காகக் குழாய்கள். அதன் டயரே என்னைவிட உயரம். திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணன் மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இது எந்திரிச்சு நிக்குமா?" என்று கேட்டேன்.

"காலைல வா பாப்பா. நிமிந்து நின்னுச்சுன்னா உங்க ஆன்ட்டி வீட்டு மாடி அதுக்கு முட்டிக்காலுக்குத்தான் வரும். காதப் பொத்திக்கணும், ஆமா."

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து காதைப் பொத்திப் பழகினேன். கையால், தலையணையால், பிறகு அம்மாவின் துப்பட்டாவால். சாப்பிடும்போதும் பொத்திக்கொண்டிருந்ததற்கு அப்பாவிடம் ஒரு அதட்டல் வாங்கினேன். அம்மா எதையும் கவனிக்கவில்லை. கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அத்தனை பேரில் அவளுடைய மேஜை முன்னால்தான் வெள்ளைக்காரர்கள் நின்று பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது நல்லபடியாக நடந்தால் லைன் லீடர். அம்மா ரசத்துக்குத் தாளித்தபடியே இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எழுந்தபோது என் கண்கள் எரிந்தன. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா வந்து என் நெற்றியைத் தொட்டாள். உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். கொதிக்குது."

அப்பா சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே வந்தார். அவருக்கு வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. கையால் தொட்டுச் சொல்கிற எதையும் அவர் நம்பியதில்லை.

"உன் கை பச்சத் தண்ணில இருந்துச்சு. அந்தக் கைய வெச்சா சுவரு கூடக் கொதிக்கும். தெர்மாமீட்டர எடு."

தெர்மாமீட்டர் அக்குளுக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பீப், பீப் என்று கத்தியது. நூற்றொன்று.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம் எனக்கு அம்மை போட்டபோது அப்பாவின் லீவு முழுவதும் கரைந்திருந்தது. அம்மாவுக்கு இன்று லீவு என்ற சொல்லையே வாயால் சொல்ல முடியாது. எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆன்ட்டி வீட்டுக்கு என்னை அனுப்பமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கோபுரம் நான் இல்லாமலே எழுந்து நிற்கப் போகிறது!

"நான் போவேன்! நான் போவேன்!" என்று கட்டிலில் நின்று குதித்தேன்.

"பாரு, எப்படிக் குதிக்குது" என்றார் அப்பா. "காய்ச்சல்காரப் புள்ள குதிக்குமா?"

"உங்களுக்குச் சாதகமா இருந்தா குதிக்கிறதும் ஒரு சாட்சியா?"

"ஒரு ரீடிங்க வெச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா. எங்க கம்பெனில மூணு எடுப்போம்."

"அது இரும்புங்க. இது புள்ள."

"அதுக்குத்தான் மூணு எடுக்கலாங்கறேன்."

அம்மா அடுப்படிக்குப் போய் ஒரு மூடி ரோஸ் நிற மருந்தோடு வந்தாள். சளிக்கு என்றாள். மறுபேச்சில்லாமல் குடித்தேன். இரண்டாவது ரீடிங் ஆரம்பமானது. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கையை ஒட்டி வைத்தால் அந்தப் பொல்லாத எண் வருகிறது. அப்படியானால் ஒட்டக் கூடாது. போர்வைக்குள் முழங்கையை மெல்ல அகட்டி வைத்துக்கொண்டேன். காற்று உள்ளே போனது. பீப். நூறு.

"பாத்தியா, எறங்குது" என்றார் அப்பா. அவர் குரலிலிருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கும் குஷி தாங்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே கட்சி!

மூன்றாவது தடவை அப்பாவே வைத்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் அப்பாவின் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அப்பா தெர்மாமீட்டரை எடுத்தார்.

"தொண்ணூத்தொம்பது. ஓகே. லைனுக்கு அனுப்பலாம்."

எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிற அம்மா, அன்று கேட்கவில்லை. என் பைக்குள் துண்டை மடித்து வைத்தாள், பிறகு எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. ஆன்ட்டி வீட்டு கேட். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். சூடு இருந்தால் வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டியதுதான். ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒன்பது பிள்ளைக்கும் வரும் என்பது அவர் கணக்கு. அம்மாவின் ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்றபடி வழியெல்லாம் கழுத்தில் காற்றுப் படும்படி அண்ணாந்துகொண்டே போனேன். நான் பறவை பார்ப்பதாக அம்மா நினைத்திருக்கலாம்.

தெருவில் திரும்பினால், கோபுரம் எழுந்து நின்றது! அண்ணன் பொய் சொல்லவில்லை. மாடி அதற்கு முட்டிக்கால்தான். மஞ்சளும் குங்குமமும் வைத்து, எலுமிச்சை நசுக்கி, தேங்காய் உடைத்து எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளைகள் கம்பிக் கதவுக்கு உள்ளே வரிசையாக முகம் பதித்து நின்றார்கள்.

"பா புட்டி, பா" என்று ஆன்ட்டி கதவைத் திறந்தார். சர்ஜாபூர்ப் பக்கத்துக்காரர், பாதி கன்னடம், பாதி தமிழ். புட்டி என்றால் அவர் பாஷையில் குட்டிப்பெண். "ஏன் மூஞ்சி வாடி இருக்கு?"

"ராத்திரி சரியாத் தூங்கலக்கா. லாரி ஞாபகம்" என்றாள் அம்மா.

ஆன்ட்டியின் புறங்கை என் கழுத்தை நோக்கி வந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த நொடியில் லாரி உறுமியது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. தரை நடுங்கி, கதவு நடுங்கி, என் பற்கள் நடுங்கின. கண்ணைத் திறந்தபோது ஆன்ட்டியின் இரண்டு கைகளும் அவருடைய காதுகளில் இருந்தன. அம்மா வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஓடினேன்.

குழாய் சுழன்று பூமிக்குள் இறங்கியது. துளையிலிருந்து வெள்ளைப் புழுதி பீய்ச்சியடித்துத் தெருவே மாவு மில் ஆனது. எதிர்வீட்டு நாய் வெள்ளை நாயாகி ஓடியது. ஒரு குழாய் முடிந்தால் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. "பாறை!" என்று அண்ணன் கத்தினார். ஆன்ட்டி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மறுபடி உறுமல், மறுபடி புழுதி. எனக்கு உடம்பெல்லாம் தகித்தது. அது லாரியின் சூடு என்று நினைத்துக்கொண்டேன். தலை லேசாகிப் பறக்கிற மாதிரி இருந்தது. அது சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளை மெல்லச் சாம்பலானது. சாம்பல் சேறானது. பிறகு திடீரென்று துளையிலிருந்து தண்ணீர் துள்ளி எழுந்தது. கோபுரத்தில் பாதி உயரம்! எல்லாப் பிள்ளைகளும் வீறிட்டோம்.

"நீரு பந்த்து! நீரு பந்த்து!" சந்தோஷம் எல்லை மீறினால் ஆன்ட்டிக்கு முழுக் கன்னடம்தான். பக்கத்தில் நின்ற பிள்ளையை வாரித் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்து அணைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பிள்ளை நான்.

அப்படியே நின்றுவிட்டார். பிறகு கன்னத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

"ஐயோ புட்டி, நெருப்பா இருக்கியே!"

என்னை மட்டும் முன்னறைக்குத் தூக்கிப் போய்ப் பாயில் கிடத்தினார். அம்மாவின் கம்பெனிக்குச் சொல்லச் செல்போனை ஒரு கையில் எடுத்தார். ஈரத்துணி போட என் பையிலிருந்து துண்டை உருவினார். துண்டோடு அந்த ரோஸ் மருந்துப் பாட்டிலும் வந்தது. அதைத் திருப்பி, காய்ச்சலுக்கு என்று போட்டிருந்ததைப் படித்தார்.

"உங்கம்மாவுக்கு இன்னைக்கு ஏதோ ஆடிட்தானே?"

தலையாட்டினேன். ஆன்ட்டி போனைக் கீழே வைத்தார். "எல்லாரும் கெட்டிக்காரங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, பாட்டிலைத் திறந்து அளந்து கொடுத்தார். ஜன்னலோரமாகப் பாயை இழுத்துப் போட்டு, பிள்ளைகள் யாரையும் என் பக்கம் விடாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கும்வரை நெற்றியில் துணியை மாற்றிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அம்மா வழக்கத்தைவிட முன்பே வந்தாள். தலையில் கம்பெனித் தொப்பி, கழற்ற மறந்திருந்தாள்.

"மத்தியானம் கொஞ்சம் சூடு" என்றார் ஆன்ட்டி.

"காலைல பாத்தப்ப ஒண்ணும் இல்லியேக்கா."

"இருந்திருக்காது" என்று ஆன்ட்டி மருந்துப் பாட்டிலை எடுத்து, என் பையில் அல்ல, அம்மாவின் கைப்பையில் போட்டார். "நாளைக்குக் கூட்டிட்டு வராதே. நாளான்னைக்கும் வேணாம். ஆடிட் என்னாச்சு?"

"நல்லா போச்சுக்கா" என்று அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

வண்டியில் என்னால் அடக்க முடியவில்லை. கோபுரம், புழுதி, வெள்ளை நாய், பாதி உயரத் தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசியில் என் பெரிய ரகசியத்தையும் சொன்னேன். "அம்மா, தெர்மாமீட்டர் வெச்சப்ப நான் கைய ஒட்டவே இல்ல. ஏமாத்திட்டேன்!"

அம்மா வண்டியை ஓரம் கட்டினாள். அடி விழும் என்று கழுத்தை ஒடுக்கிக்கொண்டேன்.

"நெஜமாவா? நீயா ஏமாத்துன?" என்றாள். பிறகு என்னைச் சேர்த்து அணைத்தாள். மூச்சு முட்டும்படி, லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்படி, வெகுநேரம். ஏமாந்துபோன ஒருத்திக்கு அவ்வளவு நிம்மதி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், நாலரை வயதில் தெர்மாமீட்டரையே ஏமாற்றிய மகள் கதையை அம்மா சொல்வாள். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். மாதத்தைத் தவறாகச் சொன்னால் திருத்துவேன். கிழமையைச் சொன்னால் ஆமாம் என்பேன். மூன்றாவது தடவை அந்த பீப் சத்தம் கேட்கவே இல்லை என்பதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.