குணபூசணி மாற்றிய ரெகுலேட்டர்

பிரிக்பீல்ட்ஸில் குணபூசணி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. கான்வென்ட்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கந்தசாமி கோயிலுக்குப் போவார். மச்சம் மாமிசம் காய்ச்சிய சட்டியில் மரக்கறி வைக்க மாட்டார். அப்படிப்பட்டவரின் வீட்டுப் பின் விறாந்தையில் ஒரு பீர் குழாய் இருந்தது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

அது அவர் கணவர் சீவரத்தினத்தின் வேலை. கிள்ளானில் ஒரு பழைய கிளப்பை மூடியபோது, ரயில்வேயில் இருந்த மனுஷன் ஏலத்தில் எடுத்து லோரியில் கொண்டுவந்து இறக்கினார். ஐஸ் பெட்டி, பித்தளைக் குழாய், பீப்பாய்க்குள் காஸை அனுப்பும் சிலிண்டர், அதன் தலையில் காஸின் வேகத்தை அடக்கும் ரெகுலேட்டர். குணபூசணி சில நாள் அவரோடு முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகு ஒரு சமரசம் ஏற்பட்டது. பீர் கிளாஸ் ஒன்றும் டீச்சரின் சமையல் குசினிக்குள் வரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து ராமசுப்பிரமணியன் வருவார். அவர் செட்டியார், மளிகை வியாபாரம். கூடவே அவர் கூட்டாளி கண்ணப்பனும், சீவரத்தினத்தின் ஆபீஸ் சிநேகிதர் முத்துக்குமாருவும். குணபூசணி வடை சுட்டு விறாந்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சுவருக்கு அப்பால் அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

எண்பத்தேழாம் ஆண்டில் சீவரத்தினத்துக்குத் தொண்டையில் புற்று வந்தது. முதலில் சிநேகிதர்கள் மைலோ டின்னும் ஆரஞ்சுமாக வந்தார்கள். பிறகு அவர் குரல் தேய்ந்தது, கன்னம் ஒட்டியது. வந்தவர்கள் தரையைப் பார்த்துப் பேசிவிட்டுச் சீக்கிரம் எழுந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய பின் ஒருவரும் வரவில்லை. அதே சமயத்தில்தான் ரெகுலேட்டரும் கெட்டது. குழாயைத் திறந்தால் பீர் வராது, சீறிக்கொண்டு வெறும் நுரைதான் வரும்.

"குழாய் பழுதாப் போச்சு. அதுதான் ஒருத்தரும் வரேல்லை," என்றார் சீவரத்தினம். குணபூசணி அவர் தலையணையைச் சரிசெய்தார்.

ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது அவரே கேட்டார். "பூசணி, அதை ஒருக்கா செய்விச்சால் என்ன? எனக்குக் குடிக்க ஏலாது. அவங்கள் வந்து சிரிக்கிறதைக் கேட்டுக்கொண்டு கிடப்பன்."

அதுவரை அந்தச் சாமானில் விரல் வைத்திராத குணபூசணி ஸ்பானரை எடுத்தார். சீவரத்தினம் கட்டிலில் இருந்தே சொன்னார்: "முதல்ல சிலிண்டரைப் பூட்டும். உள்ளுக்கு நிக்கிற காஸை வெளிய விடும். மீட்டர் முள்ளு கீழ இறங்கினாப் பிறகுதான் ஸ்பானர்." கழற்றிய ரெகுலேட்டரைப் பழைய துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினார்.

குளிர்பான மெஷின்களுக்குச் சாமான் விற்கும் கடையில், கடைக்காரர் சின்னையா அதைப் பிரித்துப் பார்த்தார்.

"உள்ள ரப்பர் கிழிஞ்சு போச்சு ஆன்டி. ரிப்பேர் பண்ணிக் குடுத்தா மறுபடி பிரஷர் ஏறிடும் லா, ஆபத்து. புதுசு போட்டுருங்க. எந்த ரெஸ்டாரனுக்கு?"

"வீட்டுக்கு."

"ஓ! அங்கிள் பார்ட்டி வைக்கிறாரா?"

"ஓம்," என்றார் குணபூசணி. "ஞாயிற்றுக்கிழமை."

அங்கிருந்து நேரே ராமசுப்பிரமணியனின் கடைக்கு நடந்தார். அவர் கல்லாவை விட்டுப் பதறி எழுந்தார்.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க."

"இருக்க நேரமில்லை அண்ணே. குழாய்க்குப் புதுசு வாங்கியிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை மற்ற ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்."

"கண்டிப்பா வரேன் தங்கச்சி," என்றார். சொல்லும்போது அவர் கண் கூடையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து புது ரெகுலேட்டரைப் பூட்டினார். மூட்டில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். "சீறுதோ?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இல்லை." "அப்ப சரி. திருகாணியை மெல்ல, மெல்லத் திருப்பும்." அன்று அவர் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பீர் ஏஜென்ட் புதுப் பீப்பாய் இறக்கிவிட்டுப் போனார். குணபூசணி கணவரை உடம்பு துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார். வடைக்கு அரைத்தார். வெயில் சாய்ந்தது. கேட் திறக்கவில்லை. சீவரத்தினம் வாசலையே பார்த்திருந்து கண்ணயர்ந்த பிறகு போன் அடித்தது.

"தங்கச்சி, பேரனுக்குக் காய்ச்சல்..." ராமசுப்பிரமணியனால் அந்தப் பொய்யை முடிக்க முடியவில்லை. "என்னால அவரை அப்படிப் பாக்க முடியல தங்கச்சி. கார் எடுத்தேன். பாதி வழியில திரும்பிட்டேன்."

குணபூசணி போனை வைத்தார்.

விறாந்தைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். முதலில் நுரை, பிறகு பொன்னாகப் பீர். எழுந்ததும் வந்தார்களா என்று சீவரத்தினம் கேட்பாரே! வந்து குடித்ததாக ஒரு கிளாஸாவது காட்ட வேண்டும். ஊற்றிக் கவிழ்த்த கிளாஸுக்கும் குடித்த கிளாஸுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியும். குடித்தால்தான் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு நுரை வளையம் கண்ணாடியில் நிற்கும். குணபூசணி மூக்கைப் பிடித்துக்கொண்டு மிடறு மிடறாகக் குடித்தார். கசப்பு தொண்டையில் ஏறி, கண்ணில் தண்ணீர் முட்டியது. வெறும் கிளாஸைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தார்.

சீவரத்தினம் கண் திறந்தார். "வந்தவங்களோ?"

"ராமசுப்பிரமணியன் அண்ணன் வந்தவர். நீங்கள் நல்ல நித்திரை. எழுப்ப வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்."

அவர் கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ராமசுப்பு ஒருநாளும் கிளாஸை முடிக்க மாட்டான். அடியில ஒரு விரல் விட்டிட்டுத்தான் எழும்புவான்."

குணபூசணி சேலைத் தலைப்பைத் திருகினார்.

"கசந்ததோ?" என்று கேட்டார் சீவரத்தினம்.

"ஓம்."

"நுரை?"

"நல்லா நிண்டது."

"இன்னொண்டு ஊத்திக்கொண்டு வாரும், பூசணி. எனக்குப் பக்கத்தில இருந்து குடியும்."

கொண்டுவந்தார். அவர் நுரையில் விரலைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டார். ருசி தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். மனைவி குடிப்பதைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அவர் கண்ணோரம் வழிந்ததைக் குணபூசணி துடைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வருமுன் சீவரத்தினம் போய்விட்டார். சாவுக்கு எல்லோரும் வந்தார்கள். ராமசுப்பிரமணியன் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். குணபூசணிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஆறுதல் சொல்லவும் வாய் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஏஜென்ட் பீப்பாயை எடுக்க வந்தார். தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கே ஆன்டி! இன்னும் ரிப்பேரா?" என்றார்.

"ரிப்பேர் ஒண்டுமில்லை தம்பி. நல்லாத்தான் வருது. குடிக்கத்தான் ஆளில்லை."

அவர் லோரியில் ஏற்றிக்கொண்டு போகும்வரை குணபூசணி கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.