ஒரு வாரத்தில் வந்த பச்சை

எங்கள் நிலத்தைப் பார்க்க இப்போது வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மண்ணைக் கிளறி மண்புழுவைப் பார்த்துவிட்டு, எப்படி ஆரம்பித்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்கிறார்கள். அம்மாவும் சலிக்காமல் சொல்வாள். ஒரு சம்பா போகத்தை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போய்விடுவாள். அந்த இடம் வரும்போது நான் காபி போட உள்ளே எழுந்து போய்விடுவது வழக்கம்.

அப்பா இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. தியாகதுருகம் பக்கத்தில் இருந்த எங்கள் கழனி அவருக்கு முன்பே செத்துக் கிடந்தது. கரும்பு, மரவள்ளி, நெல் என்று மாற்றி மாற்றி நட்டு, மூட்டை மூட்டையாக உரம் கொட்டியதில் மண் ஓடுபோல இறுகிவிட்டது. கல்வராயன் மலைக்குக் கோயிலுக்குப் போன அம்மா, கரியாலூர் பக்கம் உர மூட்டையையே பார்த்திராத சரிவில் சாமை முற்றி நிற்பதைக் கண்டுவிட்டு வந்தாள். அதோடு சரி, எங்கள் மண்ணில் இனி யூரியா விழக்கூடாது என்று சொல்லிவிட்டாள். தக்கைப்பூண்டு விதைத்து, இடுப்பளவு வளர்ந்ததும் மண்ணுக்கே உரமாக மடக்கி உழுதாள். ஆட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து புழுக்கை எருவுக்காக ராத்திரியில் கழனியிலேயே கிடை போடவைத்தாள். சாணியும் கோமியமும் வெல்லமும் கரைத்து வைத்த பீப்பாயின் நாற்றத்தில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருவதே நின்றுபோனது. புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சிலர் அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

முதல் இரண்டு போகமும் பதர்தான். அடுத்ததும் பொய்த்தால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று பெரியப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அந்தச் சம்பாவும் நடவு முடிந்து சவலையாய், மஞ்சளாய் நின்றது. அம்மா தினமும் காலையில் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

அந்தச் சமயத்தில் களமருதூரில் அப்பா வழிச் சொந்தத்தில் ஒரு சாவு. காரியம் முடியும்வரை அம்மா அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. வீட்டில் எனக்குத் துணையாக வந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். தங்கை என்றால் அவருக்கு உயிர். தங்கையின் பீப்பாய் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வார். வந்த மறுநாளே மொபெட்டில் யூரியா மூட்டையை வைத்துக்கொண்டு, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கழனிக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டி வீசி வீசி இறைத்தார்.

"நெலமும் போயி உங்கம்மா நிக்கறத என்னால பாக்க முடியாது பாப்பா" என்றார்.

எனக்கும் அழுகை வந்தது. மாமாவைப் போல நல்லவர் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மா திரும்பி வந்தபோது பயிர் கரும்பச்சையாக நின்றது. ஊரே வரப்பில் வந்து பார்த்தது. பெரியப்பா குத்தகைப் பேச்சை விட்டுவிட்டார்.

"பாத்தியா, ஒன் எரு வேல செஞ்சிடுச்சி" என்றார் மாமா.

அம்மா பயிரைப் பார்த்தாள். மாமாவின் கை தாராளமாக வீசிய இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. அது என்ன என்று தெரியாதவளா அவள்? பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைபோல அவர் பூரித்துப்போய் நின்றார்.

"ஆமாண்ணா" என்றாள்.

அன்று சாயங்காலம் மேலண்டை வீட்டு அத்தை வந்தாள். ஊரில் அம்மாவைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான்.

"நானும் இந்த வருசத்தோட உரத்த வுட்டுடறேன். இன்னா இன்னா போட்டேனு சொல்லு, அதையே நானும் செய்றேன்."

இப்படி ஒரே ஒருவராவது வந்து கேட்கமாட்டார்களா என்று அம்மா ஏங்கிக் கிடந்தது எனக்கே தெரியும்.

"வேணாங்க்கா. எனக்கே இன்னும் ஒண்ணும் புடிபடல. நீங்க உரமே போடுங்க" என்றாள் அம்மா.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. நல்லது தெரிந்தால் மறைத்துக்கொள்கிறாள் என்று முணுமுணுத்தபடியே போனாள். அம்மா எழுந்து கழனிப் பக்கம் நடந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் அவளைத் தேடிக்கொண்டு போனேன். அம்மா வரப்பில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடிப் பயிரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா சந்தோஷத்தில் அழுகிறாள் என்று மாமாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

மாமா துண்டால் தன் கண்களையும் துடைத்துக்கொண்டார். "அழுவட்டும் வுடு பாப்பா" என்றார்.

இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் அழுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.